கீழிருந்து விழும் வெளிச்சம்

அத்தியாயம் 17

போன வாரம் டோய்னாவைப் போனும் கையுமாக விட்டுவிட்டு வந்தோம். "வியாழக்கிழமை பார்க்குக்கு வந்துடு. இது போன்ல சொல்ற விஷயம் இல்ல" என்று சொல்லி அவள் அம்மா அவுரிகா வைத்துவிட்டாள். பன்னிரண்டு வருஷமாக நல்லது கெட்டது எல்லாவற்றையும் போனிலேயே சொல்லி வளர்த்த அம்மா. அவளே போனில் சொல்ல முடியாது என்று ஒன்றை எடுத்து வைத்தால் எந்தப் பெண்ணுக்குத்தான் தூக்கம் வரும்?

இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்துகொள்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். டோய்னாவுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, அவுரிகா மோல்டோவாவில் இருந்த வீட்டையும் கணவர் இலியேவையும் விட்டு இந்தப் புளோரன்ஸ் நகரத்துக்கு வந்தாள். சிஞோரா பெனெதெத்தா என்ற வயதான சீமாட்டியை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்கிற வேலை. பெண் வளர்ந்து பெரியவளானாள். படிக்க எத்தனையோ ஊர் இருக்க, அம்மா இருக்கிற ஊரின் ஓவியக் கல்லூரியில் இடம் வாங்கிக்கொண்டு போன அக்டோபரில் வந்து இறங்கினாள். சுவரோவியம் கற்றுக்கொள்ள வந்ததாக எல்லோரிடமும் சொன்னாள். அம்மாவிடமும் அதையேதான் சொன்னாள்.

வந்து என்ன கண்டாள்? இந்த ஊரில் வீட்டோடு இருந்து வேலை பார்க்கும் பெண்களுக்கு வியாழக்கிழமை மதியமும் ஞாயிற்றுக்கிழமையும்தான் விடுமுறை. ஞாயிறு மாதா கோயிலுக்கும் ஊருக்கு மூட்டை கட்டி அனுப்புவதற்கும் போய்விடும். மிச்சம் வியாழன் மதியம். ஆற்றங்கரைப் பூங்காவில் மோல்டோவாப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கதை பேசுகிற பெஞ்சுகளில், அம்மாவுக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு இடம். மற்ற நாட்களில் அம்மா இரண்டு டிராம் நிறுத்தம் தள்ளித்தான் இருந்தாள், ஆனால் பார்க்க முடியாது. சொந்த ஊரில் இருந்தபோது கூட டோய்னா இவ்வளவு தனியாக உணர்ந்ததில்லை. அங்கே அம்மா தூரத்தில் இருக்கிறாள் என்ற சமாதானமாவது இருந்தது.

இன்னொன்றும் உண்டு. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனவள், அடுக்களைக் கதவோரம் ஒரு ஜோடி பெண்கள் செருப்பைப் பார்த்தாள். மறுநாள் தபால் கொண்டுவரும் லுபா கதவைத் தட்டாமலே உள்ளே வந்து, அலமாரியைத் திறந்து, உப்பு டப்பாவை எடுத்தாள். எந்த டப்பாவில் உப்பு இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. டோய்னாவும் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

சரி, வியாழக்கிழமைக்கு வருவோம்.

சுவரோவிய வகுப்பில் பரீட்சை என்றால் காகிதம் கிடையாது. கல்லூரியின் பழைய கூடத்தில் ஆளுக்கு ஒரு துண்டு சுவர். காலையில் அவரவரே சுண்ணாம்பும் மணலும் குழைத்துப் பூச வேண்டும். அது ஈரமாக இருக்கும்வரைதான் தீட்டலாம். காய்ந்த பிறகு தூரிகையை வைத்தால் வண்ணம் ஒட்டாது, மறுநாள் வந்து சரி செய்கிற பேச்சே இல்லை. யாருக்கு எந்த நாள் என்று குலுக்கிப் போட்டார்கள். டோய்னாவுக்கு வியாழன் விழுந்தது.

அவள் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கவில்லை. என்ன காரணம் சொல்வது? அம்மாவோடு பெஞ்சில் உட்கார வேண்டும் என்றா? காலையில் அம்மாவுக்கு ஒரு செய்தி அனுப்பினாள், இன்று வர முடியாது, சுவர் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பேசலாம் என்று. பிறகு போனைப் பையில் போட்டுவிட்டுச் சுண்ணாம்பைக் கையில் எடுத்தாள்.

கொடுத்திருந்த தலைப்பு, ஓய்வாக இருக்கும் ஒருவர். பக்கத்துத் துண்டுக்காரி ஜினேவ்ரா, புளோரன்சிலேயே பிறந்தவள், தன் வீட்டு நாய் தூங்குவதை வரைந்துகொண்டிருந்தாள். ஒருவர் என்றுதானே சொன்னார்கள், மனிதர் என்று சொல்லவில்லையே என்று அவள் வாதம். டோய்னா பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மாவை வரைந்தாள். பின்னல் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, கைகள் மடியில் கிடக்க, மார்ச் மாதத்து இளவெயிலில் இருக்கும் அம்மா. மார்ச் பிறந்தால் அவர்கள் ஊரில் எல்லோரும் நெஞ்சில் குத்திக்கொள்ளும் சிவப்பும் வெள்ளையுமான நூல்கூட அம்மாவின் கோட்டில் இருந்தது. அதே மாதிரி நூல் டோய்னாவின் சட்டையிலும் இருந்தது, போன வாரம் அம்மா குத்திவிட்டது.

மதியத்துக்குள் கை, தோள், பெஞ்சு, முகம் என்று முக்கால்வாசி முடிந்துவிட்டது. நன்றாக வந்திருப்பதாகவே நினைத்தாள். சாப்பிடக்கூடப் போகவில்லை.

அப்போதுதான் புரொபசர் ஸ்கார்பெல்லி சுற்றி வந்தாள். இந்த அம்மாளுக்கு நாக்கு கொஞ்சம் கூர், கண் அதைவிடக் கூர். சுவருக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றாள்.

"இவங்களுக்கு வெளிச்சம் எங்கேருந்து வருது?"

"மேலேருந்து. பார்க்குல வெயில் அடிக்குது."

"கைக்கு மேலேருந்து வருது. தோளுக்கும் சரி. முகத்துக்கு மட்டும் ஏன் கீழேருந்து வருது? மடியில விளக்கு வெச்சிட்டு உக்காந்திருக்காங்களா?"

ஜினேவ்ரா சிரித்துவிட்டாள். டோய்னா பின்னால் நகர்ந்து பார்த்தாள்.

உண்மைதான். மோவாய்க்குக் கீழே வெளிச்சம். மூக்கின் அடிப்பக்கம் வெளிச்சம். நெற்றியும் கண்குழியும் நிழலில். அந்த முகம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த முகம். ஒன்பது வயதிலிருந்து ராத்திரி ராத்திரி பார்த்த முகம். சிஞோரா தூங்கிய பிறகு, அவள் விழித்துக்கொள்ளக் கூடாது என்று அடுக்களை விளக்கைப் போடாமல், மேஜைமேல் சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து அம்மா பேசுவாள். போனின் வெளிச்சம்தான் அம்மாவின் முகத்துக்கு வெளிச்சம். அதைத்தான் டோய்னா வெயிலில் கொண்டுபோய் உட்கார வைத்திருந்தாள்.

"முகத்தை எதைப் பார்த்து வரைஞ்சே?" என்றாள் புரொபசர்.

"ஞாபகத்துலேருந்து."

புரொபசர் அதற்குமேல் கிண்டல் செய்யவில்லை. முகம் இருக்கும் இடத்தை மட்டும் செதுக்கி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசினால் இன்னும் நேரம் இருக்கிறது, அப்படியே விட்டால் மதிப்பெண் போகும், உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டு நாயைப் பார்க்கப் போனாள்.

டோய்னா செதுக்கி எடுத்தாள். கழுத்துக்கு மேலே தலை இருந்த இடத்தில் கரடுமுரடான பழைய சுவர் தெரிந்தது. உளியைக் கீழே வைத்துவிட்டு, காகிதத்தில் அம்மாவின் முகத்தை வெயிலில் வரைந்து பார்த்தாள். வரவில்லை. இன்னொரு காகிதம் எடுத்தாள். அதிலும் அடுக்களை வெளிச்சமே வந்தது.

இத்தனை வியாழக்கிழமைகள் பார்த்தாளே, எப்படித் தெரியாமல் போனது என்று யோசித்தாள். பெஞ்சில் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் கைகளைப் பார்த்திருக்கிறாள், கன்னத்தைப் பக்கவாட்டில் பார்த்திருக்கிறாள். எதிரே உட்கார்ந்து பகல் வெளிச்சத்தில் அம்மாவின் முகத்தை அவள் ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. கூடத்தில் அத்தனை பேர் இருக்க அவளுக்கு அழுகை வந்தது. சுண்ணாம்புக் கையால் துடைக்க முடியாமல் தோளில் துடைத்துக்கொண்டாள்.

வாசல் பக்கம் சத்தம் கேட்டது. காவலாளியோடு யாரோ ஒரு பெண் இத்தாலிய மொழியில் வாதாடிக்கொண்டிருந்தாள். பழைய காலத்துச் சீமாட்டிகளின் மரியாதையும், அவர்கள் வேலைக்காரர்களைத் திட்டுகிற வசவும் கலந்த இத்தாலியம். அப்படிப் பேசுகிறவள் இந்த ஊரில் ஒருத்திதான். சிஞோராவிடம் மட்டுமே பேசிப் பழகியவள்.

அவுரிகா உள்ளே வந்தாள். கையில் துணிப்பை. கல்லூரிக்குள் அவள் கால் வைப்பது இதுதான் முதல் தடவை.

"ரெண்டு மணியிலேருந்து உக்காந்திருக்கேன். பெஞ்சுல எல்லாரும் கேக்கறாளுங்க, உம்பொண்ணுக்குச் சுவர் பெரிசா, அம்மா பெரிசான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சுவர்தான்னு சொன்னேன். நான்தானே பணம் அனுப்பிப் படிக்க வெச்சேன்." பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். பாலாடைக்கட்டியும் கீரையும் உள்ளே வைத்துச் சுட்ட பிளச்சிந்தா, இன்னும் லேசான சூடு மிச்சம் இருந்தது. "முதல்ல சாப்பிடு. மூஞ்சி எப்படி இருக்கு பாரு."

மகள் சாப்பிடும்போது அம்மா சுவரைப் பார்த்தாள். தலை இல்லாத பெண். கோட்டையும் நூலையும் பார்த்தாள், பிறகு தன் கோட்டைப் பார்த்தாள். கீழே கிடந்த பூச்சுத் துண்டுகளைக் கூட்டிப் பெருக்கத் துடைப்பத்தைத் தேட ஆரம்பித்தாள்.

"அம்மா, அதை விடுங்க. என்ன விஷயம்னு சொல்லுங்க."

அவுரிகா குனிந்தபடியே சொன்னாள். சிஞோராவின் மகன் அவரை முதியோர் இல்லத்தில் சேர்க்கிறான், சனிக்கிழமை. அவர் போனால் வேலையும் போயிற்று, படுக்கிற கட்டிலும் போயிற்று. அரேஸ்ஸோ ஊரில் இன்னொரு வீடு கூப்பிடுகிறது, இன்று ராத்திரிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"அரேஸ்ஸோதானே, பக்கம்தான்."

"நான் வேண்டாம்னு சொல்லப் போறேன். ஞாயித்துக்கிழமை வேன்ல இடம் சொல்லிட்டேன். ஊருக்குப் போறேன், டோய்னா."

டோய்னா கடித்த பிளச்சிந்தாவைத் திரும்ப டப்பாவில் வைத்தாள். ஞாயிறுதோறும் வண்டி நிறுத்தும் திடலிலிருந்து மோல்டோவாவுக்கு மூட்டைகளும் ஆட்களுமாகக் கிளம்பும் வேன்கள். அம்மா அதில் மூட்டை ஏற்றித்தான் அவள் பார்த்திருக்கிறாள். அம்மாவே ஏறுவாள் என்று நினைத்ததில்லை.

அவள் எழுந்து போய்ச் சுண்ணாம்பைக் குழைத்தாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. தலை இருந்த இடத்தில் புதிதாகப் பூசினாள். அது கொஞ்சம் இறுகட்டும் என்று காத்திருக்கும் நேரத்தில் ஒரு முக்காலியை எடுத்துவந்து ஜன்னலுக்கு நேராகப் போட்டாள். மேற்கு வெயில் அங்கேதான் விழுந்தது.

"இங்க உக்காருங்க. என்னைப் பாருங்க."

"எதுக்கு?"

"முகம் தெரியல எனக்கு."

அவுரிகா உட்கார்ந்தாள். ஒரு நிமிஷம்தான். கை பக்கத்தில் இருந்த வாளியை நோக்கிப் போயிற்று, அதில் ஊறிய தூரிகைகளை அலசப் பார்த்தாள்.

"சும்மா உக்காருங்கம்மா."

"சும்மா உக்காந்தா எனக்கு யாரு சம்பளம் குடுப்பா?" என்றாள். ஆனாலும் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

டோய்னா பார்த்தாள். புருவத்தில் பாதி வெள்ளை. இடது கண்ணோரம் ஆழமான கோடு, வலது பக்கம் அவ்வளவு இல்லை. மேலுதட்டுக்கு மேலே ஒரு மச்சம், அது இருப்பதே இவளுக்குத் தெரியாது. கண்கள் போனில் கறுப்பாகத் தெரியும், வெயிலில் அவை கிட்டத்தட்டப் பச்சை. இந்தப் பெண் தெருவில் எதிரே வந்தால் அடையாளம் தெரிந்திருக்குமா என்று நினைத்தபோது பயமாக இருந்தது.

தூரிகையை நனைத்தாள்.

"நான் படிக்கறதுக்காக வரல" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. "உங்களுக்காகத்தான் வந்தேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"படம் வரைய வந்த பொண்ணு அந்தப் பார்க்குல ஒரு மரத்தையாவது நிமிந்து பாத்திருப்பா. நீ என் கையவே பாத்துட்டு இருந்தே." அவுரிகா அசையாமல் பேசினாள், உதடு மட்டும் அசைந்தது. "எனக்கு அது சந்தோஷமா இருந்துச்சு. அதனால ஒண்ணும் சொல்லல."

"அப்போ இருங்களேன். அரேஸ்ஸோ ரயில்ல ஒரு மணி நேரம்."

"அங்கயும் வியாழக்கிழமை மத்தியானம்தான்டி." இடுப்பை நிமிர்த்திக்கொண்டாள். "எனக்கு முதுகு போச்சு. இன்னொரு கிழவியத் தூக்கிப் படுக்க வைக்க முடியாது. அப்பாவும் பாவம், இத்தனை வருஷமா ஒண்டியா இருக்காரு. எனக்கு ஒரு வீடு இருக்குங்கறதே மறந்து போச்சு டோய்னா. என் அடுக்களையில எது எங்க இருக்குன்னுகூட ஞாபகம் இல்ல."

எது எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒருத்தி அங்கே இருக்கிறாள். டோய்னாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரே ஒரு வாக்கியம். சொன்னால் அம்மா வேனில் ஏற மாட்டாள். முதுகு வலியோடு அரேஸ்ஸோ போவாள், வியாழன் மதியங்கள் தொடரும், டோய்னா இந்த ஊரில் தனியாக இருக்க வேண்டாம். சொல்லாவிட்டால் அம்மா இரண்டு பகல் ஒரு இரவு வேனில் உட்கார்ந்து போய், தன் வீட்டு வாசலில் இன்னொருத்தியின் செருப்பைப் பார்ப்பாள்.

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் கோபம்தான். சொல்லித் தொலையேன் என்று எழுதும்போதே கை பரபரக்கிறது. ஆனால் அவள் கஷ்டமும் புரிகிறது. யாருக்காகச் சொல்கிறோம் என்று அவளுக்கே நிச்சயமில்லை. அம்மாவைக் காப்பாற்றவா, தனக்குத் துணையாக நிறுத்திக்கொள்ளவா? தவிர, அந்தப் பச்சைக் கண்கள் நேராக அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு வெளிச்சத்தில் அம்மாவிடம் எதையும் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

அவள் தீட்டினாள். பூச்சு இறுகி வரும் கடைசி நேரத்தில்தான் வண்ணத்தை நன்றாக உள்ளே இழுத்துக்கொள்ளும். நெற்றிக்கு வெயில் வந்தது, மோவாய்க்குக் கீழே நிழல் வந்தது. மச்சமும் வந்தது. புரொபசர் ஸ்கார்பெல்லி பின்னால் வந்து நின்று, முக்காலியையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இனிமே தொடாதே" என்று மட்டும் சொன்னாள். அவுரிகா முதலாளி வந்ததுபோல் எழுந்து நின்றுகொண்டாள்.

பிறகு சுவருக்குப் பக்கத்தில் போய்த் தன்னைப் பார்த்தாள்.

"இவ்வளவு கிழவியாவா இருக்கேன்?"

"அழகா இருக்கீங்க."

"போடி." குனிந்து, செதுக்கிப் போட்டதில் உள்ளங்கை அகலத்துக்கு உடையாமல் இருந்த ஒரு துண்டை எடுத்தாள். ஒரு கண்ணும் கன்னமும் இருந்தன, போன் வெளிச்சத்தில் சுருக்கமே இல்லாமல். "இதுதான் நல்லா இருக்கு. இதை ஏன் உடைச்சே? நான் எடுத்துட்டுப் போறேன். உங்கப்பா என்னை இப்படித்தான் நெனச்சிட்டு இருப்பாரு."

கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். டோய்னா அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிஞோராவுக்கு ராத்திரி மருந்து கொடுக்க வேண்டும், நேரமாயிற்று என்று அம்மா அவள் நெற்றியில் முத்தமிட்டாள். வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"ஞாயித்துக்கிழமை வேன்கிட்ட வந்துடு. அழக் கூடாது. ஊருக்குப் போய் எறங்கினதும் போன் பண்றேன்."

டோய்னா தலையாட்டினாள்.

கூடம் காலியானது. ஜினேவ்ரா நாயை முடித்துவிட்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிப் போனாள். ஜன்னலில் வெயில் போய் இருட்டு கட்டியது. சுவரில் பெஞ்சுக்குக் கீழே ஒரு மூலை தீட்டாமல் மிச்சம் இருந்தது. டோய்னா தூரிகையை வைத்துப் பார்த்தாள், வண்ணம் ஒட்டாமல் வழிந்தது. தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, அம்மா உட்கார்ந்த முக்காலியில் உட்கார்ந்தாள். சுவரில் இருந்த அம்மா அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பைக்குள் போன் அதிர்ந்தது.

எடுத்தாள். அம்மா. டிராம் நிறுத்தத்தில் விளக்கு இல்லாத ஓரமாக நிற்கிறாள் போலிருக்கிறது. பின்னால் எல்லாம் இருட்டு. முகம் மட்டும் தெரிந்தது, மோவாயிலும் மூக்கின் அடியிலும் வெளிச்சம், கண்கள் கறுப்பாக, சுருக்கமே இல்லாமல்.

"டப்பாவ விட்டுட்டு வந்துட்டேன். கழுவி வை, ஞாயித்துக்கிழமை எடுத்துக்கறேன். மிச்சத்தையும் சாப்பிடு."

டோய்னா அந்த முகத்தைப் பார்த்தாள். பல் விழுந்ததை அவள் சொன்னது இந்த முகத்திடம்தான். பள்ளிக்கூடத்தில் அடித்துக்கொண்டதை, வயதுக்கு வந்ததை, எல்லாவற்றையும் இதனிடம்தான் சொன்னாள். இந்த முகத்திடம் சொல்ல முடியாதது என்று எதுவும் இருந்ததில்லை.

"அம்மா."

"என்னடி?"

"அரேஸ்ஸோவுக்கு இன்னும் பதில் சொல்லலையே?"

"வீட்டுக்குப் போய்த்தான் சொல்லணும். ஏன்?"

"வீட்டைப் பத்தி ஒண்ணு சொல்லணும். நம்ம வீட்டைப் பத்தி. கிறிஸ்துமஸ்ல நான் பாத்தது."

போனுக்குள் டிராம் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்து, யாரோ இறங்கி, கதவு மூடி, டிராம் போய்விட்டது. அம்மா அதில் ஏறவில்லை. போனை முகத்துக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"சொல்லு" என்றாள்.